முழுக் காப்பீடா, தீ–திருட்டு–மூன்றாம் நபர் காப்பீடா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. மகளுடையது வங்கிக் கடனில் வாங்கியது. கடன் தீரும்வரை முழுக் காப்பீடு கட்டாயம். அதில் பேச்சே இல்லை. என் பழைய கரோலாவுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

தீ, திருட்டு, மூன்றாம் நபர் காப்பீட்டில் பிரீமியம் நன்றாகவே குறையும். நாம் இடித்த அடுத்தவர் வண்டிக்குப் பணம் உண்டு, நம் வண்டியின் நசுங்கலுக்கு இல்லை. வெள்ளத்துக்கும் பொதுவாக இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளம் வடிந்த பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு காரைத் திறந்தபோது இருக்கை வரை சேறு. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை.

"பெட்ரோல் விலையிலேயே சாலை விபத்து நிதிக்குக் கட்டுகிறோமே மாமா?" என்று மருமகன் கேட்டார். அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் தம்பி. வண்டிச் சேதத்துக்கு ஒரு ராண்ட்கூட வராது.

முழுக் காப்பீட்டிலேயே எக்சஸை, அதாவது கிளெய்மின்போது முதலில் நம் கையிலிருந்து போகும் தொகையை, உயர்த்திக்கொண்டாலும் மாதக் கட்டணம் இறங்கும். இறக்கம் தீ–திருட்டு–மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஆனாலும் தாழ்வான தெருவில் இருப்பவன் நான், வெள்ளச் சேதத்துக்கும் பணம் வரும் என்பதால் இதைத்தான் எடுத்தேன். எக்சஸ் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைத்திருக்கிறேன், தீபாவளிச் செலவுக்குக்கூடத் தொடுவதில்லை.