லேயரா, நோடா? ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஃபியூஷனும் நியூக்கும்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஃபியூஷன், நியூக் மூன்றும் காட்சிகளை ஒன்றோடொன்று ஒட்டி எஃபெக்ட் சேர்க்கும் மென்பொருள்கள். முதலாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, லேயர்களாக அடுக்குகிறது. மற்ற இரண்டும் ஒவ்வொரு வேலையையும் நோட் என்ற ஒரு கட்டமாக வைத்துக் கோடுகளால் இணைக்கின்றன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு தலைப்பு எழுத்துக்கு டிராப் ஷேடோ என்ற நிழலைக் கொடுத்துவிட்டு, அந்த லேயரை 90 டிகிரி வலப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். எழுத்தோடு நிழலும் சேர்ந்து சுழலும். வலது கீழ் மூலையில் விழுந்த நிழல் இடது கீழ் மூலைக்குப் போய்விடும். வெளிச்சம் நின்ற இடத்திலேயே நிற்க, நிழல் மட்டும் எப்படி இடம் மாறும்? மென்பொருளில் பழுது ஏதும் இல்லை. ஒவ்வொரு லேயரிலும் முதலில் மாஸ்க் (தேவையற்ற பகுதியை மறைப்பது), அடுத்து எஃபெக்ட், அதற்குப் பிறகே டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு, சுழற்சி) என்ற வரிசையில்தான் அது கணக்குப் போடுகிறது. நிழல் முதலில் விழுந்துவிடுகிறது. சுழற்சி பின்னால் வருகிறது. டைம்லைனில் இந்த வரிசையை மாற்ற இடமில்லை. சுழற்சியையே ஒரு எஃபெக்டாக நிழலுக்கு மேலே வைக்கலாம். லேயர் ஸ்டைலில் உள்ள நிழலை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒத்துவராவிட்டால் லேயரை பிரீ-காம்ப் செய்து, அதாவது தனித் தொகுப்பாகப் பொதிந்து, உள்ளே தள்ளலாம்.

ஃபியூஷனிலும் நியூக்கிலும் இந்தச் சிக்கலே எழாது. டிரான்ஸ்ஃபார்ம் நோடுக்குப் பின்னால் நிழல் நோடை இணைத்தால் வேலை முடிந்தது. எது முன்னால், எது பின்னால் என்பது திரையிலேயே கோடாக ஓடுகிறது.

இதை வைத்து நோட்தான் உயர்ந்தது என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. லேயர் காட்டுவது காலத்தை. நோட் காட்டுவது எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதை. கையில் இருக்கும் வேலைக்கு இவற்றில் எது கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செய்தித் தொலைக்காட்சியில் பெயர்ப்பட்டை வருவதைக் கவனித்திருப்பீர்கள். பட்டை இடப்பக்கத்திலிருந்து சறுக்கி வருகிறது, ஆறு ஃபிரேம் கழித்துப் பெயர், இன்னும் நான்கு ஃபிரேம் கழித்துப் பதவி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இது சுண்டைக்காய் வேலை. லேயர் பட்டையைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினால் அதிலுள்ள கீஃப்ரேம்கள் (அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கும் புள்ளிகள்) எல்லாம் கூடவே வரும். இருபது லேயர்களைச் சீரான இடைவெளியில் அடுக்க சீக்வென்ஸ் லேயர்ஸ் என்ற ஒரே கட்டளை போதும். ஃபியூஷனிலும் கீஃப்ரேம் பட்டியல் உண்டுதான். ஆனால் அதில் மேலே இருப்பது படத்திலும் மேலே இருக்கும் என்ற உறுதி கிடையாது. ஓட்டத்தை ஒரு பக்கமும் காலத்தை இன்னொரு பக்கமும் பார்த்துப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அவசரத்துக்கு அது ஒத்துவராது.

பச்சைத்திரைக் காட்சி வந்தால் கதை மாறிவிடும். நடிகரைப் பச்சையிலிருந்து பிரித்தாயிற்று. தரையில் அவர் நிழல் விழ வேண்டும். பின்னணி வெளிச்சம் தோள் ஓரத்தில் படர வேண்டும். லேயர் முறையில் பிரித்தெடுத்த நடிகரை இன்னும் இரண்டு பிரதி எடுப்போம். ஒன்றைக் கறுப்பாக்கிச் சாய்த்து மங்கலாக்கினால் நிழல். மற்றொன்று ஓர வெளிச்சத்துக்கு. மறுநாள் இயக்குநர் வந்து, தலைமுடி ஓரத்தில் பச்சை தெரிகிறது என்பார். மூன்று பிரதிகளிலும் கீயை, அதாவது பச்சையை நீக்கும் எஃபெக்டை, திருத்த வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் பிரீ-காம்ப். அதற்குள் இன்னொரு பிரீ-காம்ப், அதற்குள் மற்றொன்று என்று போனபின், எந்த எஃபெக்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் ஓடிவிடும். நோட் முறையில் கீ ஒன்றுதான். அதன் வெளியீட்டிலிருந்து மூன்று கோடுகள் கிளம்புகின்றன. கீயை ஒருமுறை திருத்தினால் நிழலும் ஓர வெளிச்சமும் தாமாகவே திருந்திவிடும்.

லேயர் முறையும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. ஒரு லேயர் எங்கெங்கே தெரிய வேண்டும் என்று இன்னொரு லேயரை வைத்துத் தீர்மானிப்பது டிராக் மேட். நெடுங்காலம் அதற்கு நேர் மேலே உள்ள லேயரை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. 2022 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து எந்த லேயரை வேண்டுமானாலும், அதுவும் ஒன்றையே பல லேயர்களுக்கு, மேட்டாக வைக்கலாம். நோட்காரர்கள் எப்போதும் அனுபவித்து வந்த வசதிதான் இது.

பிறந்த வீட்டின் குணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நியூக் 1990களில் டிஜிட்டல் டொமைன் என்ற ஹாலிவுட் எஃபெக்ட்ஸ் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு உருவாக்கியது. 2007 இல் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள் நிறுவனத்தின் கைக்கு வந்தது. திறந்தவுடனே 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் (வெள்ளையையும் தாண்டிய பிரகாசத்தை வெட்டாமல் வைத்திருக்கும் முறை), லீனியர் வண்ணவெளியில் (வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் எண் ஏறும் முறை) வேலை செய்கிறது. 1993 இல் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இன்றும் புதிய புராஜெக்டை 8 பிட்டில்தான் தொடங்குகிறது. 32 பிட்டுக்கு மாற்றலாம், மாற்றுபவர்கள்தான் குறைவு. தீப்பிழம்பு, புகை, கண்கூசும் விளக்கு போன்றவற்றை ஒட்டும்போது இந்த வேறுபாடு பல்லிளிக்கும்.

விலையும் முக்கியம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சந்தாவில் ஓடுகிறது. நியூக்கின் முழு உரிமம் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. வணிகம் சாராத இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் 1920×1080 அளவுக்கு மேல் படத்தை எடுக்க விடாது. ஃபியூஷனை 2014 இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கியது. 2018 இல் தன் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் 15க்குள் ஒரு பக்கமாகவே சேர்த்துவிட்டது. ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் அது இருக்கிறது. நோட் கற்க விரும்புபவர்கள் அங்கேயே தொடங்கலாம். இரண்டு படங்களை ஒட்டும் மெர்ஜ் நோடில் மஞ்சள் முக்கோணம் பின்னணிக்கு, பச்சை முன்னணிக்கு, நீலம் மாஸ்குக்கு. இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால், மேலே சொன்ன பச்சைத்திரைக் காட்சியை ஒரே அமர்வில் கட்டிவிடலாம். பெயர்ப்பட்டையை மட்டும் அதில் செய்யச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.