சிவப்பு இதயம் போட்ட ஓட்ஸ் பவுடர்: ருசி ஓகே, லேபிளுக்கு 5க்கு 2தான்

அப்பாவுக்கு போன தடவை டெஸ்ட்ல எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், கூட வந்துச்சு. டாக்டர் மாத்திரையோட சாப்பாட்டையும் மாத்தச் சொன்னாரு, அந்தக் கவலையிலயே கடைக்குப் போனேன், முன்பக்கம் பெரிய சிவப்பு இதயம் போட்டு "கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் ஓட்ஸ் பீட்டா குளுக்கன்"னு எழுதியிருந்த டப்பா கண்ணுல பட்டுச்சு, எதுவும் யோசிக்காம எடுத்துட்டேன். பால்ல கலந்து குடிக்கிற பவுடர். ஒரு மாசம் அவர் குடிச்ச பிறகுதான் இதை எழுதுறேன். பிராண்ட் பேரைப் போடல, இதே மாதிரி லேபிளோட நிறைய டப்பா இருக்கு.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். கட்டி தட்டாம கரையுது, வாசனை நல்லா இருக்கு, அப்பா முகம் சுளிக்காம குடிச்சாரு. டப்பா மூடியும் கெட்டியா இருக்கு. அவ்வளவுதான்.

இனி லேபிள். பீட்டா குளுக்கன்கிறது ஓட்ஸ், பார்லியில இருக்கிற கரையுற நார்ச்சத்து, அது கொலஸ்ட்ராலைக் குறைக்கும்கிறது பொய் இல்ல, ஆதாரம் பலமாவே இருக்கு. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997லயே இதை லேபிள்ல போட அனுமதி குடுத்துருச்சு, ஐரோப்பாவும் குடுத்திருக்கு. ஆனா ரெண்டு பேருமே அளவைச் சேர்த்துத்தான் சொல்றாங்க: ஒரு நாளைக்கு 3 கிராம் உள்ள போகணும். அமெரிக்காவுல ஒரு சர்விங்ல 0.75 கிராமாவது இருந்தாத்தான் அந்த வரியைப் போடலாம், ஐரோப்பாவுல 1 கிராம்.

நம்ம டப்பாவுல எத்தனை கிராம்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன், எங்கேயும் போடல. இன்கிரிடியன்ட்ஸ் லிஸ்ட்ல ஓட்ஸ் 18 சதவீதம்னு மட்டும் இருக்கு, அதுக்கு முன்னாடியே சர்க்கரை வந்துடுது. சரி நாமளே கணக்குப் போடுவோம்னு உக்காந்தேன். ஒரு சர்விங் 30 கிராம், அதுல ஓட்ஸ் 5.4 கிராம், 100 கிராம் ஓட்ஸ்ல பீட்டா குளுக்கன் சுமாரா 4 கிராம் இருக்கும்னு வச்சா ஒரு டம்ளருக்கு 0.2 கிராம் பக்கம்தான் வருது. 3 கிராம் சேரணும்னா அப்பா ஒரு நாளைக்கு 14 டம்ளர் குடிக்கணும். 100 கிராம் பவுடர்ல சர்க்கரை 28 கிராம்னு அதே லேபிள்ல இருக்கு, அப்போ அந்த 14 டம்ளரோட சர்க்கரை மட்டும் 118 கிராம் போகும். இதைப் பாத்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துச்சு, ஏன்னா வாங்கினது ஆசைக்கு இல்ல, ஒரு நோயாளிக்காக.

முன்பக்கம் இன்னொரு வரி, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது", பக்கத்துல குட்டியா ஒரு நட்சத்திரக் குறி. கீழ தேடிப் பிடிச்சா "மூலப்பொருள் மீதான ஆய்வு"னு எறும்பு சைஸ் எழுத்து. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், மரியாதையாத்தான் பதில் வந்துச்சு, நாலு நாள் ஆச்சு. அனுப்புன ஆய்வைப் படிச்சா அதுல ஆளுங்களுக்குக் குடுத்தது தினமும் 3 கிராம் பீட்டா குளுக்கன். இந்தப் பவுடரை யாருக்கும் குடுத்துப் பாக்கவே இல்ல! ஒரு சர்விங்ல எவ்வளவு இருக்குன்னு திரும்பக் கேட்டேன், அதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

ஆய்வுன்னு சொன்னா எதோட ஒப்பிட்டாங்கன்னும் கேக்கணும். 2009ல பொய் விளம்பரத்தைக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி, கெல்லாக்ஸோட ஃப்ராஸ்டட் மினி வீட்ஸ்ங்கிற காலை உணவு சீரியல் விளம்பரத்தைப் பிடிச்சாங்க, பிள்ளைங்களுக்குக் கவனம் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடும்னு அதுல சொல்லியிருந்தாங்க. ஆய்வைப் பிரிச்சுப் பாத்தா சாப்பிட்ட பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்குத்தான் ஏதோ முன்னேற்றம், 20 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தது 9 பேர்ல ஒருத்தருக்கு, அதுவும் காலையில வெறும் தண்ணி மட்டும் குடிச்ச பிள்ளைங்களோட ஒப்பிட்டு.

டப்பா பக்கவாட்டுல "நோய் எதிர்ப்பு சக்திக்கு வைட்டமின் சி"ன்னும் இருக்கு. இது விதிப்படி சரியாவே இருக்கலாம். ஐரோப்பாவுல இப்படி உடல்நல வரி போட சுமார் 44,000 விண்ணப்பம் வந்து, ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து 4,637 ஆக்கி, 2012ல அவங்க பாஸ் பண்ணின பட்டியல்ல இருந்தது வெறும் 222, அதுல வைட்டமின் சி உண்டு. ஆனா அங்க அனுமதிச்ச வார்த்தை "இயல்பான செயல்பாட்டுக்குப் பங்களிக்கும்", அவ்வளவுதான், சக்தி கூடும்னு இல்ல. வைட்டமினைத் தூவிட்டா எந்தப் பவுடரும் இப்படிச் சொல்லிக்கலாம்கிறதுதான் எனக்குப் பெரிய குறையாத் தெரியுது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு கூடுன பண்டத்துக்கு இந்த மாதிரி வரி போடக்கூடாதுன்னு ஒரு அளவுகோல் 2009க்குள்ள கொண்டு வரணும்னு ஐரோப்பியச் சட்டத்துலயே எழுதியிருந்தாங்க, அந்தத் தேதி தாண்டிப் போயிடுச்சு, அளவுகோல் வரல. லேபிள்ல உடல்நல வரி போடுறதுக்கான எஃப்டிஏ விதியில கொழுப்புக்கும் உப்புக்கும் வரம்பு உண்டு, ஒரு சர்விங்ல சோடியம் 480 மில்லிகிராம் தாண்டக்கூடாது, ஆனா அந்த வரம்புல சர்க்கரையே கிடையாது. இந்த ஓட்டை வழியாத்தான் இப்படிப்பட்ட டப்பா எல்லாம் வெளிய வருது.

கொலஸ்ட்ராலுக்காக வாங்குறவங்க இதை வாங்காதீங்க. இனிப்பா ஒரு பானம் வேணும்னா தாராளமா வாங்கலாம், அதுக்கு 4 ஸ்டார் கூடக் குடுப்பேன். அப்பாவுக்கு இப்போ வேற எதுவும் சேக்காத வெறும் ஓட்ஸ்தான், 75 கிராம் போட்டா 3 கிராம் கணக்குக்கு வந்துடுது, காலையில பாதி சாயங்காலம் பாதின்னு சாப்பிடுறாரு, மாத்திரையும் நிறுத்தல. கம்பெனி ஒரு சர்விங்ல எத்தனை கிராம் பீட்டா குளுக்கன்னு டப்பாவுல அச்சடிச்சா அன்னிக்கே வந்து இந்த ரேட்டிங்கைத் திருத்துறேன்.