பாத்ரூமுக்கு டபிள்யூபிசி கதவு போடலாமா?

தாராளமாகப் போடலாம். டபிள்யூபிசி என்பது வுட் பிளாஸ்டிக் காம்போசிட், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. ஆனால் மரக்கதவு என்று நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் பாத்ரூமில் முன்பு இருந்தது பிளஷ் டோர், பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு. அடிப்பக்கம் தண்ணீர் பட்டுப் பட்டு ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து, கடைசியில் தரையில் உரசி மூடவே முடியாமல் போனது. அதைக் கழற்றிவிட்டு 30 எம்எம் டபிள்யூபிசி கதவும், அதே சரக்கில் நிலையும் போட்டோம். ஐப்பசி மழையெல்லாம் பார்த்தாகிவிட்டது, உப்பவில்லை, தாழ்ப்பாள் போட்ட இடத்தில் அப்படியே உட்காருகிறது. கறையான் பயமும் விட்டது. இந்த விஷயத்தில் முழு மார்க்.

கடைக்காரர் "எழுபது சதவீதம் மரம் சார்" என்றார். ஆசாரி பூட்டுக்குத் துளை போட்டபோது கொட்டிய தூளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு, மர வாசனை துளியும் இல்லை. மரத்தூள், அரைத்த உமி மாதிரி கழிவுகளைப் பிளாஸ்டிக்கோடு கலந்து உருக்கி அச்சு வழியாகத் தள்ளுவதுதான் டபிள்யூபிசி. நம்மூரில் கதவுக்கு வருவது பெரும்பாலும் நுரைத்த பிவிசி, அதாவது உள்ளே பொடிப்பொடிக் காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக். அதில் கால்சியம் கார்பனேட் என்கிற சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ப்பார்கள். சில பலகைகளில் மரத்தூளைவிட அதுதான் அதிகம் இருக்கும், பேரில் மட்டும் மரம்.

எல்லாப் பிளாஸ்டிக்கோடும் மரத்தூள் சேராது. 200 டிகிரியைத் தாண்டினால் தூள் கருக ஆரம்பிக்கும் என்பதால் அதற்குக் கீழேயே இளகுகிற பிவிசி, பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் மாதிரியானவைதான் தோது. தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக் உருகவே 250 டிகிரி வேண்டும், அதற்குள் தூள் கரியாகிவிடும். தூளைச் சரியாகக் காயவைக்காமல் கலந்தாலும் வம்பு, ஈரம் ஆவியாகிப் பலகைக்குள் குமிழும் ஓட்டையுமாக நிற்கும். அதனால் வாங்கும்போது மேல்பக்கத்தை விடுங்கள், வெட்டிய ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டைகள் பொடியாக, ஒரே சீராக இருந்தால் சரி. ரொட்டி மாதிரி பெரிசும் சிறிசுமாக இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

எனக்குக் கடுப்பானது இரண்டு இடத்தில். தூள் சேரச் சேரப் பலகைக்கு விறைப்பு கூடும், அடி தாங்குவது குறையும். ஆட்டோவிலிருந்து இறக்கும்போது கதவின் மூலை தரையில் இடித்துச் சில்லாகத் தெறித்தது. தேக்காக இருந்தால் நசுங்கியிருக்கும், அதோடு சரி. கடையில் மாற்றித் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள், புட்டி வைத்துப் பூசி மறைத்திருக்கிறோம். இன்னொன்று கீல். ஓரத்தில் ஸ்க்ரூ பிடிப்பு மரத்தில் இருப்பது போல இல்லை. முதலில் சின்னத் துளை போட்டுவிட்டு, அகலமான மரை உள்ள நீள ஸ்க்ரூவாக முடுக்க வேண்டும், சுத்தியலால் அடித்து இறக்கினால் சீக்கிரமே ஆடும். மூன்று கீல் போதும் என்று ஆசாரி சொன்னாலும் நான்காகப் போடச் சொல்லுங்கள். விலை பேசுவதற்கு முன்னால் டென்சிட்டி, அதாவது அடர்த்தி என்ன என்று கேளுங்கள், கன சென்டிமீட்டருக்கு 0.6, 0.7 கிராம் என்று சொல்வார்கள், கூட இருந்தால் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும், கதவும் கனக்கும்.

மேற்கு வெயில் நேராக விழுகிற வாசலுக்கு இதைப் போடவே போடாதீர்கள். பிவிசி 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும், அதிலும் கறுப்பு, காபிக்கொட்டை நிற பெயின்ட் அடித்தால் சூட்டை இழுத்துக்கொண்டு வளையும். பாத்ரூமுக்கும் சமையலறை சிங்க் அடி அலமாரிக்கும் இதைவிட நிம்மதி வேறில்லை.

அப்புறம், அறுத்து மிஞ்சும் துண்டுகளை மரம்தானே என்று வெந்நீர் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். எங்கள் துண்டுகளை ஆசாரியே வாங்கிக்கொண்டு போனார், செருப்பு ஸ்டாண்ட் செய்யப்போகிறாராம்.