வீராணமா, பழையாறையா, கோடிக்கரையா? கல்கி வாசகர் பயணத்துக்கு எந்த வழி

'பொன்னியின் செல்வன்' வாசகர் குழு முதல் பயணம் கிளம்புகிறதா? ஒரே நாள்தான் கையில் என்றால் யோசிக்காமல் வீராணம் ஏரிக்குப் போங்கள். நாவல் தொடங்குவதே அந்தக் கரைமேல், ஆடிப் பதினெட்டின் முன்மாலையில். ஏரி கரைக்கு மேற்கே விரிந்து கிடப்பதால் சூரியன் தண்ணீருக்குள் இறங்கும். அந்த நேரத்தில் முதல் அத்தியாயத்தை உரக்க வாசித்தால் விளக்கவுரையே வேண்டியதில்லை.

தண்ணீர் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வாய்க்கால் வழியாகத்தான் நீர்வரத்து. மேட்டூர் அணைத் திறப்பு தள்ளிப்போனால் ஆடியிலும் தரை தெரியும். தேதி குறிக்குமுன் நீர்மட்டம் பாருங்கள், நிறைந்தால் 47.5 அடி. கரைமேலேயே பேருந்து ஓடுகிறது, எனவே லால்பேட்டையில் இறங்கி, சாலையை விட்டு ஒதுங்கி, பத்து நிமிடத்தில் வாசிப்பை முடியுங்கள்.

கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். அதனால் காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாளையும் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலையும் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கூட்டத்தின் பெயர்கள் உள்ள கல்வெட்டு உடையார்குடியில்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து தெளியும். மாவோ எண்ணெயோ பூசவே கூடாது, கல் கெடும். மேலக்கடம்பூரில், நாவலில் வரும் சம்புவரையர் மாளிகையைத் தேடாதீர்கள். அங்கே நிற்கும் தேர் வடிவக் கோயில் கதைக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது.

நாவலில் சோழர் அரண்மனை இருக்கும் பழையாறை வழிக்குக் கும்பகோணம் தரும் வசதி பெரிது: ரயில், அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் அரண்மனை ஒன்றும் மிச்சமில்லை. படித்துவிட்டு வராதவர்களுக்கு வெறும் கோயில் சுற்றுலாவாகிவிடும். பழையாறை, பட்டீஸ்வரம், பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை (சமாதிமேல் எழுப்பிய கோயில்) ஒரு திசை. நாவலில் சதிகாரர்கள் கூடும் திருப்புறம்பியம் கொள்ளிடத்துப் பக்கம், வேறு திசை. இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் ஒன்றின் நடை சாத்தியிருக்கும். 'பக்கத்தில்தானே' என்று தஞ்சாவூரையும் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய கோயில் முடிந்தது 1010-இல். கதை நடக்கும்போது அது எழும்பவே இல்லை.

நாவலின் கடற்கரைக் காட்சிகள் நடக்கும் கோடிக்கரை இரண்டாம் பயணத்துக்கு. குழகர் கோயில் இருக்கிறது. பழைய சோழர் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்தது. சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 'சேற்றுப் பள்ளம்' அத்தியாயத்தைக் கெட்டித் தரையில் நின்றே வாசியுங்கள். கல்கி எழுத்து நாட்டுடைமையானது. ஐந்து பாகத்தையும் சுமக்காமல் அந்தந்த இடத்துக்குரிய பக்கங்களை அச்சிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம்.