மார்க்கா, குறிப்பா, இரண்டுமா? விடைத்தாளைத் திருப்பித் தரும் வழிகள்

விடைத்தாள் கைக்கு வந்ததும் மாணவர் முதலில் பார்ப்பது மேல் மூலையில் உள்ள எண்ணை. அடுத்து, பக்கத்தில் இருப்பவரின் எண்ணை எட்டிப் பார்ப்பார். அப்புறம் தாள் மடிந்து பைக்குள் போய்விடும். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய நாலு வரியை யாரும் சீண்டுவதில்லை. நானும் பல வருஷம் அப்படி எழுதிக் களைத்தவன்தான்.

வெறும் மதிப்பெண், வெறும் குறிப்பு, இரண்டும் சேர்த்து என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றாவதுதான் நியாயமானது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் மதிப்பெண்ணின் பக்கம் நின்று பேசிவிடுகிறேன். அது வேகமானது. 40 தாள்களுக்குக் குறிப்பு எழுத, தாளுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலே 200 நிமிடம் ஆகிறது. அதுவும் ஒரு வகுப்புக்கு, ஒரு பாடத்துக்கு மட்டும். தவிர, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை மாணவருக்கு உண்டு. தேர்ச்சி பெறுவேனா, நினைத்த படிப்புக்கு இது போதுமா என்று கேட்பவரிடம் ‘நல்ல முயற்சி’ என்று எழுதிக் கொடுத்தால் அது பதிலே ஆகாது.

ஆனால் அந்த எண் நாம் நம்புகிற அளவுக்குத் துல்லியமானதில்லை. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினார்கள். அதே தாளுக்கு ஒருவர் 64 போட்டிருந்தார், இன்னொருவர் 98. மொழிப் பாடம் அப்படித்தான், கணக்கில் இந்தக் குழப்பம் வராது என்றார்கள் சிலர். அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பிப் பார்த்தார்கள். அதில் இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. ஆகவே ஒரு மாணவர் 71, இன்னொருவர் 74 என்றால் இருவருக்கும் நடுவே உள்ள அந்த மூன்று, திருத்தியவருக்கு அன்றைக்கு இருந்த களைப்பாகக்கூட இருக்கலாம்.

சரி, குறிப்புக்கு வருவோம். ‘இன்னும் கவனம் தேவை’, ‘விரிவாக எழுதவும்’, ‘நன்று’ என்பவையெல்லாம் பழக்கதோஷம். படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவற்றில் எதுவும் சொல்வதில்லை. ஒரு மாணவி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிட்டாள். ‘தவறு’ என்று அடித்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ‘2/5 பெரியதா, 1/2 பெரியதா? அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு எப்படிக் குறைந்தது?’ என்று கேட்டு எழுதினால், அவள் பென்சிலை எடுத்தே ஆக வேண்டும். குறிப்பு என்றால் எனக்கு அதுதான். எழுதியவரைவிடப் படிப்பவருக்கு அதிக வேலை வைக்க வேண்டும்.

குறிப்பு எழுதினாலே பலன் உண்டு என்றும் சொல்லிவிட முடியாது. 1996-ல் க்ளூகர், டிநிசி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 607 முடிவுகளை அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் நன்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்பாடு குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற கேள்விக்குத் திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் விளக்கம். ‘நீ கெட்டிக்காரன்’ என்ற பாராட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இப்போது மூன்றாவது வழி. 1988-ல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த மூன்றையும் சோதித்த ஆய்வை வெளியிட்டார். குறிப்பு மட்டும் பெற்ற குழு அடுத்தடுத்த பயிற்சிகளில் முன்னேறியது, ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண் மட்டும் பெற்ற குழுவில் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்ற குழுவிலும் இல்லை! எண் பக்கத்திலேயே இருந்தால் குறிப்பு கண்ணில் படுவதில்லை. 200 நிமிடம் செலவழித்து, வெறும் மார்க் போட்ட பலனை வாங்குவது என்ன வியாபாரம்? மூன்றில் இதுதான் மிக மோசம் என்பேன்.

ஒவ்வொரு தாளிலும் எழுத நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லாத் தாள்களையும் படித்து, அடிக்கடி வந்த நான்கைந்து தவறுகளை ஒரே பக்கத்தில் எழுதி, ‘இதில் உங்கள் தவறு எது, தாளில் கண்டுபிடித்துத் திருத்துங்கள்’ என்று வகுப்பில் கொடுத்துவிடலாம். நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். விசித்திரமான, தனி ஒருவருக்கே உரிய குழப்பம் மட்டும் இதில் சிக்காது.

இறுதித் தேர்வு என்றால் மதிப்பெண்ணே போதும். தாளே திரும்பி வராத இடத்தில் குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள்? வருஷத்தின் நடுவில் வரும் தேர்வுகளுக்கு என் தேர்வு வேறு. குறிப்பை இன்று கொடுத்து, மதிப்பெண்ணை என் நோட்டில் வைத்துக்கொண்டு, திருத்தம் செய்து காட்டிய பிறகு இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன். முதல் தடவை வகுப்பே முணுமுணுத்தது. ஒருவன் மட்டும் தாளைப் புரட்டிப் புரட்டி, குறிப்புகளை எண்ணி, ‘சார், இது 60 தேறுமா?’ என்று கேட்டான். 58 போட்டிருந்தேன்.