மடுவுக்குத் திருவிழா இல்லாத நாளில் போங்கோ

மன்னார்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் மாதா கோயிலான மருதமடுத் திருப்பதியை ஆவணித் திருவிழாக் கூட்டத்தில் மட்டும் கண்டவர்கள் பாதியைத்தான் கண்டிருக்கிறார்கள். அந்தப் பாதியும் நல்லதுதான்: கூடாரம், செபமாலை, தமிழும் சிங்களமும் கலந்த பாட்டு. ஆனால் கடவுள் நம்மோடு இருப்பதை அன்றாடம் கண்டுகொள்ளப் பழக விரும்புகிறவருக்கு நாங்கள் சொல்வது, திருவிழா இல்லாத ஒரு கிழமைநாள்.

வவுனியாவிலிருந்து மன்னார் பஸ்ஸில் ஏறி, பறயனாலங்குளம் தாண்டி மடு றோட் சந்தியில் இறங்கவேண்டும். அங்கிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் காட்டுப்பாதை. யானை நடமாடும் பகுதி என்பதால் பொழுதுபட முன்னமே திரும்பிவிட வேண்டும். ஓட்டோ பேசும்போதே திரும்பி ஏற்றவரும் நேரத்தையும் பேசி முடியுங்கள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணி, தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு.

உள்ளே போனதும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு ஓடிவராதீர்கள். மாதா சுரூபம் சின்னது, பீடத்துக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. பின் வாங்கில் இருந்தால் முகம் தெரியாது. முன்னுக்குப் போய் இருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670இல், மன்னாருக்குக் கிட்டவுள்ள மாந்தைச் சனம் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு வந்த சுரூபம் இது. 2008 சித்திரையில் சண்டை நெருங்க, கரையோரத் தேவன்பிட்டி ஊருக்குப் போனது. ஆவணியில் திரும்பி வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்த வன்னிச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓடின சனத்தோடு தாயும் ஓடினா.

பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்று நம்பி மடு மண் எடுத்துப்போகும் வழக்கம் பற்றி ஒரு சொல். விசுவாசத்தோடு வீட்டில் வையுங்கள். பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், செபத்தை வழியில் சொல்லலாம்.

இனி முக்கியமானது. இந்த அமைதியில் பழகி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் படிப்பித்த ஆன்ம சோதனை, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் செபம். 15 நிமிஷம் போதும். முதலில் அன்றைய நாளுக்கு நன்றி. பிறகு, உண்மையைக் காணத் தூய ஆவியிடம் வெளிச்சம் கேட்பது. அதற்குப் பிறகு எழும்பினதிலிருந்து மணிக்கு மணி நாளைத் திரும்பிப் பார்ப்பது. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். தவறினதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரேயொரு தீர்மானம், கடைசியில் ஒரு பரலோக மந்திரம் (இயேசு படிப்பித்த செபம்).

பலருக்குப் பிழைப்பது மூன்றாம் படியில். அதைப் பாவக்கணக்காக்கி விடுவார்கள். இரண்டு கிழமையில் சலித்துவிடும். முதலில் தேடவேண்டியது, கடவுள் எங்கே வந்து போனார் என்பதை. நற்செய்தியில் எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவரும், கூட நடந்தவர் உயிர்த்த இயேசு என்பதை அவர் அப்பம் பிட்டபோதுதான் அடையாளம் கண்டார்கள். வழியில் நெஞ்சு கொதித்தது அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு விளங்கியது. ஆகவே நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இன்னொரு பிழை, பாயில் படுத்தபடி செய்வது. நித்திரை வந்துவிடும். இராச்சாப்பாட்டுக்கு முன், கதிரையில், நிமிர்ந்திருந்து செய்யுங்கள். நெஞ்சு வறண்டு ஒன்றுமே தோன்றாத நாட்களும் வரும். அப்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே, செபத்தைக் கொஞ்சம் கூட்டு என்பதுதான் இஞ்ஞாசியாரின் புத்தி. அது வேலை செய்கிறது.

முதல் தடவையை மடுவிலேயே செய்துவிடுங்கள். ஓட்டோ வரும்வரை மரநிழலில் இருந்து, அன்றைய பயணத்தையே எடுங்கள்: பஸ்ஸில் எழும்பி இடம் தந்த பெடியன், சந்திக்கடையில் காசு வாங்காமல் போத்தலை நிரப்பித் தந்த அம்மா, கோயிலுக்குள் செருப்பில்லாத காலுக்குக் கிடைத்த குளிர்.