வாசல் பூக்களைத் துணியில் தைத்தால் எத்தனை துவைப்பு தாங்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் பூத்தையலுக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம். இட்லிப்பூ, காகிதப்பூ, செம்பருத்தி, சாமி படத்துக்குப் பறிக்கிற நந்தியாவட்டை எல்லாம் வாசலிலேயே நிற்கின்றன. புதிதாக ஊசி எடுப்பவர்கள் முதலில் கை வைப்பது செம்பருத்தியில்தான். தப்பும் அங்கேதான் தொடங்குகிறது. தலையணை உறை, மேசை விரிப்பு, துணிப்பை என்று மூன்று வருடமாக வாரா வாரம் துவைபடும் துணிகளில் எந்தத் தையல் நின்றது, எது நைந்தது என்பதைப் பார்ப்போம்.

தொடக்கத்துக்கு இட்லிப்பூவே நல்லது. மலாய்க்காரர்கள் ஜெஜாரும் என்பார்கள். ஜாரும் என்றால் ஊசி, பேர் நம் வேலைக்கே வைத்தது போல. நாலே இதழ், அதுவும் ஒரே மாதிரி. ஒவ்வோர் இதழும் ஒரு லேசி டெய்சி, அதாவது தனியாக விட்ட ஒரு சங்கிலிக் கண்ணி. ஊசியை நடுவில் மேலே எடுத்து, அதே இடத்தில் திரும்ப இறக்கி, 5 மில்லிமீட்டர் தள்ளி நுனியை வெளியே கொண்டுவந்து, நூலை ஊசிக்கு அடியில் போட்டு இழுக்க வேண்டும். கண்ணியைப் பிடித்து நிறுத்த அதன் தலையில் சின்னதாக ஒரு பூட்டுத் தையல். பூட்டு நீளமாகப் போனால் இதழ் நுனியில் வால் முளைத்த மாதிரி இருக்கும். துணியின் இழை ஒன்றைத் தாண்டினாலே போதும். கண்ணியை விறைப்பாக இழுத்தால் இதழ் கோடாகிவிடும். துணியைத் தொட்டதும் கையை நிறுத்துங்கள்.

ஒரு கொத்துக்கு 5 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும். குழந்தை வளையல் ஒன்றை வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அதற்குள் 14, 15 பூ. விளிம்புப் பூக்களை முதலில் போட்டு உள்ளே வரவும். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரம் ஒரு பக்கம் வீங்கும். பூக்கள் ஒன்றையொன்று கொஞ்சம் உரசட்டும், எண்ணி அடுக்கியது போலிருந்தால் அது இட்லிப்பூ ஆகாது. மிஞ்சும் சந்துகளில் அதே சிவப்பில் பிரெஞ்சு முடிச்சு, அதாவது ஊசியில் நூலைச் சுற்றி இறக்கும் முடிச்சு, போட்டால் மொட்டு. பூவின் நடுவில் மஞ்சளில் ஒரே சுற்று முடிச்சு. டிஎம்சி கம்பெனி நூலில் நிற எண் 349ம் 350ம் கலந்து தைத்தால் வெயில் பட்ட பக்கம், நிழல் பக்கம் என்று தானே தெரியும். மஞ்சளுக்கு 743, இலைக்கு 3346. இரண்டு இழையில் தைத்தால் ஒரு கொத்துக்கு ஆறிழை நூலில் முக்கால் மீட்டர்தான் செலவு. 8 மீட்டர் கண்டு ஒன்றில் பத்துக் கொத்து வரை வரும்.

நூலை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சுமார் 45 சென்டிமீட்டர், வெட்டுங்கள். ஊசி கோர்க்கச் சோம்பி ஒரு மீட்டர் எடுத்தால் பாதியிலேயே பஞ்சு கிளம்பி நிறம் மங்கும். ஆறிழையில் இரண்டை ஒன்றாக உருவாதீர்கள், சிக்கும். ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது நூல் முறுக்கேறினால் துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுற்றி அவிழும்.

பிரெஞ்சு முடிச்சுதான் பலரை அழவைக்கும். முடிச்சு துணிக்குள் மறைந்துபோகிறது என்பதே எப்போதும் வரும் புகார். ஊசியை மேலே எடுத்த அதே ஓட்டையில் இறக்குவதுதான் காரணம். துணியில் ஓர் இழை தள்ளி இறக்கினால் முடிச்சுக்கு உட்கார இடம் கிடைக்கும். சுற்று ஒன்று அல்லது இரண்டு போதும்; மூன்று சுற்றியது துவைத்த பிறகு ஒரு பக்கம் சாய்கிறது. பெரிதாக வேண்டுமானால் இழையைக் கூட்டுங்கள், சுற்றை அல்ல. மூன்று வருடத்தில் இருந்த இடத்தை விட்டு இந்த முடிச்சு அசையவே இல்லை.

இனி செம்பருத்தி. துணியில் வரையும் இதழ் ஒன்று 2.5 சென்டிமீட்டர் இருக்கும். அதைச் சாட்டின் தையலில், அதாவது ஓரத்துக்கு ஓரம் நூலை நெருக்கி நீட்டிப் போடும் தையலில், நிரப்பினால் தைத்த அன்று பட்டு மாதிரி மின்னும். ஐந்தாறு துவைப்பில் நூல் தொங்கி, வளையலிலும் மோதிரத்திலும் மாட்டும். சாட்டின் தையல் 7, 8 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்குப் பதில் இதழின் ஓரத்தைக் கயிறு முறுக்கியது போல் விழும் காம்புத் தையலில் சுற்றி, உள்ளே அதே வளைவில் சங்கிலித் தையலை வரிசை வரிசையாக ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் துவைக்கிற இயந்திரத்தில் போட்டாலும் அப்படியே இருக்கும். காம்புத் தையலில் நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். நடுவில் பக்கம் மாறினால் கயிறு முறுக்கு உடைந்து தெரியும். நேர்கோட்டில் ஒரு தையல் 4 மில்லிமீட்டர், வளைவில் 2. நடுத்தண்டு மஞ்சளில், அதன் மேல்பாதியில் மஞ்சள் முடிச்சுகள், உச்சியில் சிவப்பாக ஐந்து புள்ளி. இந்த ஐந்தை விட்டுவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஏதோ குறைவது தெரியும், என்னவென்று சொல்ல வராது.

காகிதப்பூவுக்கு மூன்று இதழை வரைந்து ஓரத்தை மட்டும் ஒற்றை இழையில் பின் தையல் போட்டாலே அழகு. நிரப்பினால் கெட்டுவிடும். நடுவில் வெள்ளை முடிச்சு மறக்கவேண்டாம். உண்மையான பூ அந்த வெள்ளைதான், சுற்றியிருப்பது நிறம் மாறிய இலை.

சிலந்தி வலை ரோஜா எல்லாருக்கும் பிடிக்கும், பார்க்கவும் சுலபம். நடுவிலிருந்து ஆரமாக நூல் போட்டு, அவற்றின் மேலும் கீழுமாக நூலைப் பின்னிச் சுற்றுவது. ஆரம் ஐந்து, ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். நாலோ ஆறோ போட்டால் அடுத்த சுற்றில் ஊசி அதே ஆரத்தின் மேலேயே ஏறும், பின்னல் வராது. ஊசியைக் காதுப் பக்கமாக நுழைத்தால் நூலைக் குத்தாது. தலையணை உறைக்கு மட்டும் இது வேண்டாம். கன்னத்தில் பதியும், அழுந்தித் தட்டையாகிவிடும்.

துணியும் அதில் மாதிரி வரையும் பேனாக் கோடும் நம் ஊர் ஈரத்தால் படுத்தும் பாடு தனி. பருத்தியைத் தைப்பதற்கு முன்பே துவைத்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் பிறகு சுருங்கி, பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். ஊதா நிறத்தில் தானே மறையும் பேனா இந்தப் புழுக்கத்தில் சீக்கிரம் மறையும், பெரிய மாதிரிக்கு ஆகாது. நீலப் பேனா தண்ணீரில் போகும், ஆனால் கோட்டைக் கழுவாமல் அயர்ன் பண்ணினால் நிரந்தரம். சவர்க்காரம் இல்லாத பச்சைத் தண்ணீரில் முதலில் அலசவும். சூட்டில் மறையும் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்பி வரும். கேமரன் மலைக் குளிருக்கெல்லாம் வராது, ஐஸ்பெட்டியின் ஃப்ரீசரில் வைத்தால் வரும்.

வேலை முடிந்ததும் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் அழுக்கு வட்டம், திருகாணித் துருவும் சேர்ந்துகொள்ளும். ஊசியையும் துணியில் குத்தி வைக்காதீர்கள்.

பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கட்டாகக் கிடைக்கும் பேரில்லாத நூலைப் பழகும் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். எந்த நூலானாலும் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். தைத்த பிறகு சாயம் இறங்கினால் காயவிடாதீர்கள், அயர்ன் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் தெளியும் வரை குழாயடியில் அலசுவது ஒன்றே வழி. வெள்ளை நூல் வேலையைக் கடைசியில் வைத்துக்கொண்டால் கை வியர்வை படியாது. அடர்நிற நூலைப் பின்பக்கம் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போனால் வெள்ளைத் துணியில் முன்னால் நிழலாடும், அங்கே வெட்டி முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்திய உறைகளில் நிறம் நின்றிருக்கிறது. நேர் வெயிலில் கிடந்த மேசை விரிப்பில் சிவப்பு வெளுத்து, பச்சை மட்டும் மிச்சம். அயர்ன் போடும்போது தடித்த துண்டின் மேல் பூவைக் கவிழ்த்து, பின்பக்கமாக அழுத்த வேண்டும்.